முதல் ஒரு நிமிடம் மட்டும்

சொல்லிவிடுகிறேன். என்னிடம் தமிழ் கற்க வந்த ஒரு பெண்மணியின் செல்போனை அவரிடம் கேட்காமல் திறந்தேன். எனக்கென்று அவர் தராத ஒலிப்பதிவு ஒன்றைத் திருட்டுத்தனமாகக் கேட்டேன். அதிலும் முதல் ஒரு நிமிடத்தை மட்டும்தான் கேட்டேன்.

திருடனுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டாமா? எனக்கு அதுகூட இல்லை.

ஏன் திறந்தேன் என்று கேட்பீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் முடியாமல் போகும். என் உயிர் நண்பராகிய தையற்காரரும் என் மாணவியாகிய இத்தாலிக்காரியும் கூட்டுச் சேர்ந்து, என்னை மாடியிலிருந்து இறக்கிவிட்டு, அங்கே தாங்களே தமிழ் வகுப்பு நடத்தப் போகிறார்கள் என்று நான் நம்பினேன்!

ஆமாம். ஒரு தையற்காரர். ஓர் இத்தாலிக்காரி. தமிழ் வகுப்பு. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த புத்தி என்னுடையது.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. தமிழில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அந்தப் பதிவைப் புதுப்பிப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தவன். திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டிய சந்தில் சலீம் பாயின் தையல் கடை. அதன் மாடியில் என் 'பேச்சுத் தமிழ் வகுப்பு'. மலையைச் சுற்ற வந்து இந்த ஊரிலேயே தங்கிவிடுகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் மாணவர்கள். பாயிடம் பைஜாமா தைக்க வருவார்கள். "தமிழ் கத்துக்கணுமா? மேல போங்க. மேல ஒரு ஆளு இருக்காரு, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு" என்று அனுப்பிவைப்பார். அப்படி வந்தவர்கள்தான் பாதிப் பேர்.

பாய்க்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். ஊரில் மரியாதையுள்ள மனிதர். பள்ளிவாசல் காரியமோ தெருச் சண்டையோ, அவர் வந்து உட்கார்ந்தால் பாதி பஞ்சாயத்து முடிந்துவிடும். எங்கள் நட்புக்குப் பதினோரு வருடம். தினமும் காலை எட்டு மணிக்கு அவர் டீ வாங்கித் தருவார். நான் பேப்பரை உரக்கப் படிப்பேன்.

"நீங்களே படிக்கலாமே பாய்?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன்.

"கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன் வாத்தியாரே. அதுவுமில்லாம, உங்க குரல்ல கேட்டாத்தான் சேதி சேதியாட்டம் இருக்குது" என்றார்.

எனக்கு அது போதும்! பதினோரு வருடம் அந்தக் குரலை வைத்துக்கொண்டு அரசியலையும் விலைவாசியையும் நடித்துக் காட்டினேன். ஒரு மனிதர் பதினோரு வருடமாகத் தினமும் கண்ணாடியை மறப்பாரா என்று ஒரு நாளாவது யோசித்தேனா? புகழ்ச்சி காதுக்குள் போனால் மற்ற வாசலெல்லாம் அடைபட்டுவிடும் போலிருக்கிறது...

இனி அந்த செல்போன் விஷயத்துக்கு வருகிறேன்.

செல்போனில் குரல் பதியும் வசதி வந்த புதிது. என்னிடம் இருந்ததில் டார்ச் மட்டும்தான் எரியும். மாணவர்கள் வைத்திருந்தவையோ பாட்டுப் பாடின, படம் எடுத்தன, பேச்சைப் பிடித்து வைத்தன. பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை நினைத்து இன்றும் கொஞ்சம் கர்வம்தான், மறைப்பானேன்!

"வகுப்பில் ஒன்றரை மணி நேரம் என் குரலையே கேட்டால் என்னைப் போலத்தான் பேசுவீர்கள். இந்த ஊருக்கு நான் ஒருவன் போதும். வெளியே போங்கள். பூக்கடையில், பழக்கடையில், பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது பேசுங்கள். அந்தப் பேச்சைப் போனில் பதிந்து வாருங்கள். அதுதான் பாடம்" என்றேன்.

ஒரே ஒரு நிபந்தனை. பதிவதற்கு முன் கேட்க வேண்டும். என் வகுப்பில் சேர்கிறவர்கள் கற்கும் முதல் சொல் 'வணக்கம்' அல்ல, 'எடுக்கலாமா?' என்பதுதான். அதைச் சொல்ல வராதவர்களை நான் தெருவுக்கே அனுப்பியதில்லை. அவ்வளவு நியாயவான்!

வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் தங்கள் போனை என் மேசையிலிருந்த பழைய முறுக்கு டப்பாவில் போட்டுவிட வேண்டும். வீட்டுப்பாடப் பதிவைத் திறந்து தயாராக வைத்திருப்பார்கள். நான் நடுப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம் மட்டும் கேட்டு, நல்லதாக ஒன்றைப் பாடத்துக்குத் தேர்ந்தெடுப்பேன். அதற்கொரு தத்துவமும் வைத்திருந்தேன். ஒருவர் பேச்சின் முதல் நிமிடத்திலேயே அவருடைய ஊர், வயது, கோபதாபம் எல்லாம் வந்துவிடும், மீதியெல்லாம் திரும்பச் சொல்வதுதான் என்று. இதை வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். அவர்கள் குறித்துக்கொள்வார்கள். கடவுளே...

அந்த வருடம் சீசன் முடிந்து வெயில் ஏறிய பிறகும் ஏழு பேர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் கார்லா. ஐம்பதைக் கடந்த இத்தாலிப் பெண்மணி. நல்ல உயரம். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றுவார். எழுத்துகளை மற்றவர்களைவிட வேகமாகக் கற்றார். என் நகைச்சுவைக்கு மட்டும் சிரிக்க மாட்டார். அதுவே எனக்கு முதல் சந்தேகமாக இருந்திருக்கலாம்!

பங்குனி வெயிலில் ஒரு காலை. வழக்கம்போல டீ வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேப்பருக்குக் கை நீட்டினேன். பாய் அதை மடித்துத் தம் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம் வாத்தியாரே. வேல ஜாஸ்தி. டீய சாப்பிடுங்க."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நான் மாடிக்குப் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், மனிதர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியோடு!

நீங்கள் யாரிடமாவது பதினோரு வருடம் பிரியமாக இருந்து, ஒருநாள் காலையில் காரணமில்லாமல் ஒதுக்கப்பட்டதுண்டா? என் குரல் அலுத்துவிட்டதா? வேறு குரல் கிடைத்துவிட்டதா?

பிறகு கார்லா. வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாகக் கீழே இறங்குவார். அரை மணி கழித்து நான் இறங்கினால் அவர் செருப்பு தையல் கடை வாசலிலேயே கிடக்கும். உள்ளே இரண்டு பேரும் வெட்டு மேசை மேல் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் பாய் சட்டென்று ஒரு துணியை இழுத்து மேசை மேல் போட்டு மூடுவார்.

"இன்னா பாய், ரகசியமா?"

"லைனிங் துணி வாத்தியாரே. தூசு பட்டா போச்சு."

தூசுக்குப் பயந்தா துணியை மூடுகிறார்? அந்தக் கடையிலேயே தூசுதான் மூத்த ஊழியர்!

இங்கேதான் என் மூளை பிசாசுத்தனமாக வேலை செய்தது. மாணவர்களிடம் போன் இருக்கிறது. போனுக்குக் காது இருக்கிறது. வீட்டுப்பாடம் என் கையில் இருக்கிறது...

அடுத்த வாரம் ஏழு பேருக்கும் ஒரே பாடம் கொடுத்தேன்: தையல் கடை. அதற்கடுத்த வாரமும் தையல் கடை. மூன்றாவது வாரமும்! பாவம், ஆன்ம விடுதலை தேடிக் கடல் கடந்து வந்தவர்கள், காஜா, காலர், பட்டி, லைனிங் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு ஜெர்மானியர் வயிற்று வலியோடு டாக்டரிடம் போய், "உள்ளே தையல் பிரிந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அவரைப் படுக்க வைத்து, எங்கே ஆபரேஷன் செய்த தழும்பு என்று தேடினாராம். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தனை பேரையும் ஒற்றர்களாக அனுப்பியவன் நான் என்று யாருக்குத் தெரியும்?

பதிவுகளில் என்ன கிடைத்தது? பொத்தான் வகைகள் கிடைத்தன. மல் துணிக்கும் பாப்ளினுக்கும் வித்தியாசம் கிடைத்தது. ஒன்றில் மட்டும், பின்னணியில் எங்கோ, பாயின் குரல் டீக்காரரிடம் சொன்னது: "வாத்தியாரு இருக்கறப்ப அத பத்தி பேசாத."

அந்த ஒரு வரி போதாதா? எழுத்தை வேகமாகக் கற்ற கார்லாவை வைத்து மாடியில் வகுப்பு நடத்தப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வகுப்பறையின் நான்கு சுவர்களையும் கடைசி முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். மலை தெரியும் ஜன்னலிடம் விடை பெற்றுக்கொண்டேன், இரண்டு முறை! கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "துரோகம் செய்யப்பட்டவனின் முகம்" என்று சொல்லிப் பார்த்தேன். முகத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மாலை வகுப்பு. டப்பாவில் ஏழு போன்கள். மாணவர்களை ஒருவரோடொருவர் பேசிப் பழகச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, கார்லாவின் போனை எடுத்தேன். அவர் திறந்து வைத்திருந்த பதிவு ஊக்கும் கொக்கியும் பற்றியது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதே நாள். நீளம் அதிகம். அது வீட்டுப்பாடம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். பிறகு நடுப் பொத்தானை...

பாயின் குரல். பக்கத்தில் கார்லாவின் குரல்.

"சாருக்குத் தெரியுமா பாய்?"

"தெரியவே கூடாது கார்லாம்மா. ஜூன் வரைக்கும் வாயத் தொறக்காத."

"மேல ஒரு கிளாஸ். கீழ ஒரு கிளாஸ்." கார்லா சிரிக்கிறார். என்னிடம் ஒருநாளும் சிரிக்காத கார்லா!

"மேல இருக்கறத விட நம்ம கிளாஸ்தான் பெஸ்டு. அவரு பேசிக்கினே இருப்பாரு. நம்ம கிட்ட பேச்சே கெடையாது, வேலதான். ஜூன்ல பாரு, அவரு மூஞ்சி எப்படி ஆவுதுன்னு!"

மறுபடியும் சிரிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து.

படியில் காலடி கேட்டது. சட்டென்று நிறுத்தினேன். ஒரு நிமிடம் ஆகியிருந்தது. என் தத்துவப்படி எல்லாம் தெரிந்துவிட்டது, இல்லையா?

போனைத் திரும்ப டப்பாவில் போட மனம் வரவில்லை. கோபத்தில் என்று அப்போது நினைத்தேன். இல்லை... அழுகை வரப் பார்த்தது. எனக்குத் தெரிந்த எல்லா வேடிக்கைக் கதைகளையும் முதலில் அந்த மனிதரிடம்தான் சொல்லிப் பார்ப்பேன். அவர் சிரித்தால்தான் ஊரில் சொல்வேன். அவர் இப்போது என்னை வைத்துச் சிரிக்கிறார்!

போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கடையில் கூட்டம். அடி அண்ணாமலையிலிருந்து கல்யாணச் சட்டை வாங்க வந்த இரண்டு பேர், டீக்காரர், பூக்காரர். நாற்காலியில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிற மனிதர். வருடா வருடம் அவர் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் பாயிடம்தான். அந்த வருடத்துக்கான பட்டியலை வெட்டு மேசை மேல் விரித்து வைத்திருந்தார். பிள்ளைகளின் பெயர், வகுப்பு, அளவு. எல்லாம் தமிழில். கைக்கத்திரியோடு பாய் நின்றிருந்தார். மூக்கில் கண்ணாடி.

"வாங்க வாத்தியாரே, டீ..." என்று ஆரம்பித்தார்.

"டீ இருக்கட்டும் பாய். உங்க கிளாஸ் எப்படிப் போவுது?"

அவர் முகம் மாறியது. மாறியதா! மாட்டிக்கொண்டான் என்று என் மனம் கூத்தாடியது. நான்கு பேர் முன்னால் போனை மேசை மேல் வைத்தேன், நாடகத்தில் சாட்சியம் வைப்பதுபோல. நடுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

முதல் ஒரு நிமிடம் ஓடியது. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் அங்கே நிறுத்திவிடுவேன். அன்று நிறுத்தவில்லை. இன்னும் மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

இரண்டாவது நிமிடம் தொடங்கியது.

"சரி பாய், ஆரம்பிக்கலாம். இது?"

"ம... மா."

"இது?"

"லா... மாலா. மாலா! பாத்தியா கார்லாம்மா, தட்டாம சொல்லிட்டேன்."

"சபாஷ்! இது?"

"பா... பா... இரு, சொல்லாத..."

ஐம்பத்து மூன்று வயதுக் குரல். ஊர்ப் பஞ்சாயத்துகளை முடித்துவைத்த குரல். அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி நடந்தது.

பாய்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

சின்ன வயதில் மதரஸாவில் கற்ற உருது எழுத்துகள் தெரியும். அளவெல்லாம் அதில்தான் குறிப்பார். தமிழில் தெரிந்தது தம் கையெழுத்து ஒன்று, அதுவும் படம் வரைவதுபோல. பதினோரு வருடமாக அவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தவனுக்கு அது அந்த நொடியில்தான் தெரிந்தது!

நிறுத்தப் பாய்ந்தேன். பதற்றத்தில் விரல் பக்கவாட்டுப் பொத்தானில் பட்டு, சத்தம் இன்னும் கூடியது. பள்ளிக்கூடத்துக்காரர் என் கையைத் தள்ளி, போனைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அட இருங்க சார்... கேப்போம்."

பதிவு பாட்டுக்கு ஓடியது.

"நம்ம கடைப் பையன் ரஃபீக்கு துபாய் போனதுல இருந்து லிஸ்டு படிக்க ஆளில்லம்மா. அவந்தான் பேரு பேரா படிச்சிச் சொல்லுவான். ஜூன்ல இஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நானே படிச்சிக்கிட்டா போதும்."

"சார்கிட்ட கேக்கலாம் பாய். சார் நல்லவர்."

"நல்லவருதான். கேட்டா உயிரக் குடுத்து சொல்லித் தருவாரு. ஆனா அத வச்சி ஒரு வருசம் ஊர சிரிக்க வைப்பாரு. அவரால அடக்க முடியாதும்மா, வாய் அரிக்கும்..." கொஞ்சம் நிறுத்தினார். மிஷின் ஓசை. "பதினோரு வருசமா அவருதான் எனக்கு பேப்பர் படிக்கறாரு. ஜூன்ல ஒருநாளு, டீய வாங்கிக் குடுத்து, உக்காருங்க வாத்தியாரேன்னு சொல்லி, நான் அவருக்குப் படிக்கணும். அப்ப அவரு மூஞ்சியப் பாக்கணும்!"

பதிவு முடிந்தது.

பாய் அசையவே இல்லை. கத்திரி கையிலேயே இருந்தது. நான் எதிர்பார்த்த குற்றவாளியின் முகம் அங்கே இல்லை. அதை எப்படிச் சொல்வேன்... கூட்டத்துக்கு நடுவே வேட்டி அவிழ்ந்த மனிதனின் முகம்.

முதலில் பூக்காரர் மூக்கால் சிரித்தார். பள்ளிக்கூடத்துக்காரர் பட்டியலைப் பாயின் பக்கமாகத் திருப்பி வைத்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் கவலை வந்துவிட்டது.

"இன்னா பாய் இது? இத்தன பிள்ளைங்க... பேரு மாறிப் போச்சுன்னா யார் சட்டைய யார் போடறது? முதல் பேரு மட்டும் படிங்க, பாப்போம்."

பாய் குனிந்தார்.

நான் பேசினேன்.

"கண்ணாடிதான் மூக்குலயே இருக்குதே பாய்! இன்னிக்கு வூட்ல மறந்தது இன்னா, சிலேட்டா?"

எப்படிப்பட்ட சிரிப்பு எழுந்தது தெரியுமா! டீக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கல்யாணச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன வேடிக்கைகளில் இவ்வளவு கச்சிதமாக விழுந்தது வேறெதுவும் இல்லை.

பாய் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பள்ளிக்கூடத்துக்காரரைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"கண்ணாடிய வூட்ல வச்சிட்டு வந்துட்டேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "அப்புறம் பாக்கலாம் பாய்" என்றார். அந்த அப்புறம் வரவில்லை. அந்த வருடச் சீருடை வேறு கடைக்குப் போயிற்று.

படியில் கார்லா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வந்து தம் போனை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், நான் கற்றுக்கொடுத்த தமிழில்:

"எடுக்கலாமான்னு நீங்க கேக்கல."

மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

யாரும் என்னை மாடியிலிருந்து இறக்கவில்லை. நானே இறங்கினேன். "மழைக்கு ஒழுகுது" என்று எல்லோரிடமும் காரணம் சொல்லி, வேங்கிக்கால் பக்கம் ஓர் அறைக்கு வகுப்பை மாற்றினேன். சித்திரை வெயிலில் மழை எங்கே பெய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை! போனில் பதிந்துவரும் பாடத்தை நிறுத்தினேன். மாணவர்கள் காரணம் கேட்டார்கள். நவீன சாதனங்களால் கவனம் சிதறும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். முறுக்கு டப்பாவில் இப்போது சாக்பீஸ் இருக்கிறது.

பாயிடம் மன்னிப்புக் கேட்டேனா? இரண்டு முறை போனேன். இரண்டு முறையும், "வாங்க வாத்தியாரே" என்று டீ வாங்கித் தந்தார். குடித்தேன். பேப்பர் மடித்தபடி மேசையில் இருந்தது. அவர் அதை என் பக்கம் நகர்த்தவில்லை. நானும் கை நீட்டவில்லை. என் கண்ணில் படாமல் அவர் மூடி வைத்ததை, கார்லா சுண்ணக்கட்டியால் எழுத்து எழுதிக் கொடுத்த கறுப்புத் துணியை, அவர் இரண்டாக வெட்டி, யாருடைய கோட்டுக்கோ உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் ஓர் எழுத்தும் படிக்கவில்லை என்று டீக்காரர்தான் சொன்னார். நான் மூன்றாம் முறை போகவில்லை.

இதுவரை படித்த நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பயந்த மனிதன், பதறிப் போய், வாய்க் கொழுப்பில் ஒரு வார்த்தை விட்டுவிட்டான், பாவம்... அப்படித்தானே? நானும் இத்தனை வருடம் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமாதானத்தில் கொஞ்சம் தூக்கமும் வருகிறது.

ஆனால் 'பாய் குனிந்தார்' என்பதற்கும் 'நான் பேசினேன்' என்பதற்கும் நடுவே ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பட்டியல் எனக்கும் தெரியும்படிதான் விரிந்து கிடந்தது. அதன் முதல் பெயரை நான் பார்த்தேன். மாலா.

பாய் விரலை அதன்மேல் வைத்துவிட்டார். அவர் உதடு பிரிந்தது. "மா..." என்ற ஓசை வெளியே வந்துவிட்டது. அது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் நான் பேசினேன்.